கள ஆய்வு ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கக் கட்டணமில்லாப் பேச்சுணர் மென்பொருள்களைத் தேர்தல்: விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் பேச்சை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேச்சை எழுத்தாக மாற்றும் கட்டணமில்லா மென்பொருள்கள் தமிழ் ஆய்வாளர்க்கு இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்வது என்பதை விலையும் வேகமும் மட்டும் தீர்மானிக்க இயலாது. வட்டார வழக்கையே தரவாகக் கொள்ளும் ஆய்வில், வழக்குச் சொல்லை எழுத்துத் தமிழாகத் திருத்தித் தரும் கருவி தரவையே அழித்துவிடுகிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிலாளரிடையே மேற்கொண்ட கள ஆய்வின் பட்டறிவைக் கொண்டு இத்தேர்வுக்கான அளவைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேச்சுணர்தல், எழுத்தாக்கம், இரட்டை வழக்கு, நடுநாட்டு வழக்கு, கள ஆய்வு, மறுமொழிவு.

முன்னுரை

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின் பியூஸ் கட்டைகளும் உருவாகின்றன. அச்சில் வார்ப்போர், பிசிறு நீக்குவோர், வண்ணம் தீட்டுவோர், சூளை அடுக்குவோர் என ஒவ்வொருவரும் தத்தம் பணிக்குரிய சொற்களை வழங்குகின்றனர். இவ்வூரை அடுத்த பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி இவ்வட்டார வழக்கின் வளத்தை உலகறியச் செய்தது. எனினும் தொழிற்கூடத்துக்குள் மட்டுமே புழங்கும் சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பெறவில்லை.

அத்தகைய சொற்களைத் திரட்டும் முயற்சியில் இக்கட்டுரையாளர் செய்த ஒலிப்பதிவுகளை எழுத்தாக்க, முதலில் ஒரு கட்டணமில்லாச் செயலி பயன்படுத்தப்பட்டது. ஒரு மணி நேர உரையாடலைக் கையால் எழுத்தாக்க ஏறத்தாழ ஒரு நாள் உழைப்பு வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் மெல்லிதாக நீண்டிருக்கும் மண்ணைச் சுரண்டுவதைத் தகவலாளி ஒருவர் 'பிசிறு எடுக்கறது' என்றார். செயலி அதனைப் 'பேச்சு எடுக்கிறது' என எழுதிற்று. மற்றோரிடத்தில் 'அடுக்கிகினு இருந்தோம்' என்பது 'அடுக்கிக்கொண்டு இருந்தோம்' என வந்திருந்தது. முதற்பிழை நகைப்புக்குரியது, படித்தவுடன் புலப்படுவது. இரண்டாவது பிழையாகவே தோன்றாது. அதுவே கூடுதல் தீங்குடையது.

கருவி கேட்டு வளர்ந்த தமிழ்

பேச்சுணர் கருவி ஒலியை மட்டும் கேட்டு எழுதுவதில்லை. கேட்ட ஒலிக்குப் பொருந்தக்கூடிய சொற்களுள், தான் பயின்ற எழுத்துரைகளில் மிகுதியாகக் கண்ட தொடரையே அது தெரிவு செய்கிறது. ஆகவே அது எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்தது என்னும் வினா முதன்மை பெறுகிறது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் ஆய்வுக்குழு வெளியிட்ட சுருதிலிபி என்னும் தரவுத்தொகுப்பு, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேல் திரட்டப்பட்டது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தன்னார்வலர் பெரும்பாலும் திரையில் தோன்றும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்கின்றனர். செய்தி வாசிப்பும் வாக்கிய வாசிப்பும் உயர்வழக்குக்கு உரியவை. சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்குக் கோட்பாட்டை விளக்கியபோது தமிழையும் சுட்டினார். அவர் கூறிய உயர்வழக்குக்கும் தாழ்வழக்குக்கும் இடையிலான பிளவு இன்று கணினியின் செவிக்குள்ளும் குடியேறியுள்ளது எனலாம். 'தாழ்வழக்கு' என்னும் சொல்லாட்சி இக்கட்டுரையாளர்க்கு உடன்பாடன்று.

ஏஐ4பாரத்தின் இன்டிக்வாய்சஸ் தொகுப்பு இந்நிலையைப் பெரிதும் மாற்ற முனைந்தது. 22 மொழிகளைத் தழுவிய அதன் முதல் வெளியீட்டில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு இடம்பெற்றது. அதன் பெரும்பகுதி படித்த உரையன்று. தன்னியல்பான பேச்சும் உரையாடலும் ஆகும். வட்டார வழக்காய்வுக்கு இத்தகைய தொகுப்பில் பயின்ற கருவியையே முதலில் சோதித்துப் பார்த்தல் தகும்.

கிடைக்கும் கருவிகள்

கூகுள் நிறுவனம் 2017இல் தமிழ் உட்பட 8 இந்திய மொழிகளைத் தன் குரல்வழித் தட்டச்சில் சேர்த்தது. கூகுள் ஆவணத்திலும் ஜிபோர்டு விசைப்பலகையிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆய்வேட்டை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவதற்கு இதுவே போதும். சந்தி, ல-ள-ழ வேறுபாடு, நிறுத்தற்குறிகள் ஆகியவற்றைப் பின்னர்ச் செப்பம் செய்ய வேண்டும். ஆயின் இஃது ஒருவர் நேரே பேசுவதை எழுதும் கருவியே. பதிவான கோப்பை ஏற்று எழுத்தாக்குவதற்கென அமைந்ததன்று. ஒலிபெருக்கியின் முன் கைப்பேசியை வைத்து எழுத்தாக்க முயல்வோர் ஏமாற்றமே அடைவர்.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் திறமூலமாக வெளியிட்ட விஸ்பர், ஒலிக்கோப்புகளை ஏற்பது. இணைய இணைப்பின்றிச் சொந்தக் கணினியிலேயே இயங்க வல்லது. அதன் முதல் பதிப்பு பயின்ற 6,80,000 மணி நேரப் பேச்சில் 1,17,000 மணி நேரம் மட்டுமே ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குரியது. தமிழ் அவற்றுள் ஒன்று. சிறிய மாதிரிகள் தமிழுக்கு ஏற்றவையல்ல. பெரிய மாதிரிக்கோ ஏறத்தாழ 10 ஜிகாபைட் நினைவகமுள்ள வரைகலை அட்டை வேண்டும். அது பெரும்பாலான ஆய்வு மாணவரிடம் இராது. விஸ்பர்.சிபிபி என்னும் வடிவம் எளிய கணினியிலும் இயங்கும், மெதுவாக. மேலும், பேச்சற்ற இடைவெளிகளில் எவரும் கூறாத சொற்களைத் தானே படைத்து எழுதும் இயல்பு விஸ்பருக்கு உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன. தகவலாளி நினைவுகூர்ந்து மௌனமாகும் இடங்கள் கள ஆய்வில் மிகுதி. அவ்விடங்களை ஒலியுடன் ஒப்பிடாமல் விடலாகாது.

ஆங்கிலத்தில் பெயர்பெற்ற டிராகன் போன்ற விலையுயர்ந்த மென்பொருளில் தமிழுக்கு இடமில்லை. அதனை வாங்குவது வீண்செலவு.

பிழையை அளத்தல்

கருவிகளின் திறனைச் சொற்பிழை விகிதத்தால் குறிப்பது உலக வழக்கு. தமிழுக்கு இஃது அப்படியே பொருந்தாது. 'வந்துகொண்டிருந்தான்' என ஒரே சொல்லாக எழுதப்பட வேண்டியதை 'வந்து கொண்டிருந்தான்' எனக் கருவி பிரித்து எழுதினால், ஒரு சொல் மாறியதாகவும் ஒரு சொல் மிகையாக வந்ததாகவும் இரண்டு பிழைகள் கணக்கிடப்படும். எழுத்தளவில் காணின் ஓர் இடைவெளியே மிகை. எனவே எழுத்துப்பிழை விகிதத்தையே நோக்குதல் நன்று.

அதனினும் பயனுடையது, ஆய்வாளரே தம் பதிவிலிருந்து 5 நிமிடப் பகுதியைக் கையால் எழுத்தாக்கி, ஒவ்வொரு கருவியின் விளைவையும் அதனோடு ஒப்பிடுவது. ஒப்பிடும்போது பிழைகளை எண்ணுவதோடு அமையாது வகைப்படுத்துதல் வேண்டும். 'பழம்' என்பதைப் 'பயம்' என ஒலிப்போர் வடதமிழகத்தில் உளர். கருவி 'பழம்' என எழுதினால் பொருள் காக்கப்படும்; ஒலியன் ஆய்வுக்குரிய சான்று மறையும். 'பயம்' என எழுதினால் சான்று நிற்கும், பொருள் திரியும். வாழ்க்கை வரலாறு தொகுப்பவர்க்கு முன்னது போதும், வழக்காய்வாளர்க்குப் போதாது.

தகவலாளியின் குரல்

கூலி குறித்துப் பேச்சு வந்தபோது மூத்த தொழிலாளி ஒருவர், "இத எங்கயும் போட்டுடாத தம்பி" என்றார். இணையவழிக் கருவியில் அப்பதிவை ஏற்றுவதும் ஒருவகையில் 'போடுவதே'. குரல் அடையாளம் மறையாதது. சிறிய ஊரில் ஒருவரின் குரலை மற்றவர் எளிதில் அறிவர். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவுக்கு முதன்மையிடம் தருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அளித்த வாக்கு ஒன்று உண்டு. ஆகவே இசைவுப் படிவத்தில், பதிவு எந்தக் கருவியில், எங்கே எழுத்தாக்கப்படும் என்பதையும் சேர்த்துத் தகவலாளிக்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும். இசையாதோர் பதிவுகளைக் கணினியிலேயே இயங்கும் கருவிக்கு மட்டும் தரலாம். இல்லையேல் கையால் எழுதுவதே முறை.

மறுமொழிவு

இவ்விரு சிக்கல்களுக்கும் ஓரளவு தீர்வாக இக்கட்டுரையாளர் கைக்கொண்டது மறுமொழிவு முறை. ஆய்வாளர் தலையணிக் கேள்பொறியில் பதிவைக் கேட்டவாறே, தகவலாளியின் சொற்களைத் தம் குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்லிக் குரல்வழித் தட்டச்சில் ஏற்றுவார். பிரித்தானியத் தொலைக்காட்சியில் நேரலை வசனவரிகள் இவ்வாறே உருவாக்கப்பட்டு வந்துள்ளன. இதில் தகவலாளியின் குரல் வெளியே செல்வதில்லை. சொன்ன செய்தி செல்கிறது என்பதால் ஊர், ஆள், நிறுவனப் பெயர்களை மட்டும் வாயால் சொல்லாது பின்னர்க் கையால் சேர்க்க வேண்டும். தொழிற்கூட இரைச்சலும் கருவியைக் குழப்புவதில்லை.

எனினும் 'அடுக்கிகினு' என அழுத்தமாகச் சொன்னபோதும் கருவி திருத்த முற்படுவதுண்டு. அத்தகைய வடிவங்களைப் பேசும்போதே தாளில் குறித்துக்கொண்டு, நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் எலான் மென்பொருளில் ஒலியோடு பொருத்தித் திருத்தலாம். எலானில் ஒரே ஒலித்துண்டுக்கு மேலடுக்கில் வழக்கு வடிவத்தையும் கீழடுக்கில் எழுத்துத் தமிழ் வடிவத்தையும் தனித்தனியே பதிய முடிவது வழக்காய்வுக்குப் பெருந்துணை. கருவி தந்த திருத்தப்படாத வடிவத்தை மூன்றாம் அடுக்கில் அப்படியே விட்டுவைத்தால், எந்தச் சொற்களைக் கருவி தொடர்ந்து மாற்றுகிறது என்பது தானே வெளிப்படும். அப்பட்டியல் வழக்குச் சொற்களைத் தேடுவோர்க்கு ஒரு சுட்டியாகவும் உதவும். 'பிசிறு' அதில் பலமுறை வந்தது.

ஒரே பதிவைப் புதிய பதிப்பு வேறாக எழுதக்கூடும். எனவே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கருவியின் பெயர், பதிப்பு, பயன்படுத்திய நாள் ஆகியவற்றைக் குறிப்பதும், மூல ஒலிக்கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் இரண்டு இடங்களில் காத்து வைப்பதும் வேண்டும்.