தந்தை பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களில் பலர் ஒரு நாள் இந்தத் தாளுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். விக்டோரியா மகாராணி காலத்துப் பிறப்புச் சான்றிதழ். முதல் கட்டத்தில் பிறந்த தேதி, அதன் கீழே ‘யூனியன் வொர்க்ஹவுஸ்’ என்று இடம். ஐந்தாம் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர். தந்தையின் பெயருக்கான நான்காம் கட்டத்திலும், அவர் தொழிலுக்கான ஆறாம் கட்டத்திலும் வெறும் கோடு. பார்த்தவர்கள் இத்தோடு முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடும்போது அந்த எள்ளுப்பாட்டியைப் பற்றி மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். தேடலைக் கைவிடுவது அவசரம். ஆதாரம் இல்லாமல் அவளைப் பற்றி முடிவு கட்டுவதோ அநியாயம்.

வொர்க்ஹவுஸ் என்பது, 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி பல பாரிஷ்கள் (தேவாலயத்தை மையமாகக் கொண்ட உள்ளூர் நிர்வாக வட்டாரங்கள்) சேர்ந்து ‘யூனியன்’ அமைத்து நடத்திய விடுதி. உதவி வேண்டுமா, வீட்டை விட்டு உள்ளே வா, வேலை செய், குடும்பத்தைப் பிரிந்து இரு என்பதுதான் அதன் நிபந்தனை. விரும்பி யாரும் போகாத இடமாக அது இருக்கவேண்டும் என்றே திட்டமிட்டுக் கட்டினார்கள்.

நம்பிக்கை: அங்கே பிள்ளை பெற்றவள் அங்கேயே வாழ்ந்தவள், நடத்தை சரியில்லாதவள்.

அப்படிப் பிள்ளை பெற்ற மணமாகாத பெண்களில் பலர் வீட்டு வேலைக்காரிகள். வயிறு வெளியே தெரிந்ததும் வேலை போய்விடும். வேலை போனால் தங்கும் அறையும் போய்விடும், ஏனென்றால் அறை எஜமானர் வீட்டில்தான். பிரசவ மருத்துவமனைகள் பலவும் மணமான பெண்களைத்தான் சேர்த்துக்கொண்டன. பெற்றோர் வீட்டுக் கதவும் திறக்காவிட்டால், மருத்துவரும் படுக்கையும் கிடைக்கிற ஒரே இடம் வொர்க்ஹவுஸ். பல பெண்கள் பிரசவத்துக்குச் சற்று முன்பு உள்ளே போய், உடம்பு தேறியதும் சில வாரங்களில் குழந்தையோடு வெளியே வந்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகச் சொன்னால் வெளியேறலாம். அது சிறை அல்ல. குழந்தையை மட்டும் விட்டுவிட்டுப் போகத்தான் விதி இடம் கொடுக்கவில்லை.

அவமானம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சில யூனியன்கள் மணமாகாத தாய்மார்களுக்குத் தனி உடை கொடுத்துப் பிரித்துக் காட்டின. 1839-ல் ஏழைகள் சட்ட ஆணையமே அந்த வழக்கத்தை ஏற்கவில்லை என்று குறிப்பு அனுப்பவேண்டி வந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பதிவான பிறப்புகளில் நூற்றுக்கு ஆறு அளவுக்கு மணமாகாத தாய்மார்களுக்குப் பிறந்தவை. பழைய ஆங்கிலேயக் குடும்ப மரம் எதையும் உலுக்கினால் இப்படி ஒரு பிறப்பு விழ வாய்ப்பு அதிகம்.

நம்பிக்கை: தந்தை பெயர் இல்லையென்றால், தாய்க்கே தெரியவில்லை என்று பொருள்.

என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை இது. அந்தக் கோட்டைப் போட்டவள் தாய் இல்லை, சட்டம். பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியபோதே, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தை பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் சில பதிவாளர்கள் தாய் சொன்ன பெயரை எழுதியதும் உண்டு. 1874-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் இடமில்லாமல் செய்தது: இருவரும் சேர்ந்து கேட்டு, தந்தையும் கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெயர் ஏறும். அவள் ஊரறியப் பெயரைச் சொல்லியிருந்தாலும், அவன் அலுவலகப் படி ஏறாவிட்டால் கட்டத்தில் கோடுதான். வொர்க்ஹவுஸ் பிறப்புகளில் பதிவாளருக்குத் தகவல் சொன்னவரே பல சமயம் தாய் இல்லை, விடுதியின் நிர்வாகி. ஏழாம் கட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

ஐந்தாம் கட்டத்தையும் பெயரோடு நிறுத்தாமல் முழுக்கப் படிக்க வேண்டும். சில பதிவுகளில் தாயின் பெயருக்குப் பின்னால் ‘வீட்டு வேலைக்காரி’ என்றும், இன்ன தெரு என்றும் இருக்கும். பிரசவத்துக்கு முன் அவள் வேலை பார்த்த வீடாக அது இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் தேடினால், அவள் யார் யாரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாள் என்பது தெரியவரும்.

நம்பிக்கை: இத்தகைய ஏழைகளைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

உண்மை இதற்கு நேர்மாறு. மானமாக வாழ்ந்த ஒரு தச்சனின் மனைவியைப் பற்றி அந்தக் கால அரசு எழுதியது மிகக் கொஞ்சம். வொர்க்ஹவுஸ் பெண்ணைப் பற்றி எழுதியது ஏராளம், ஏனென்றால் அவள் சாப்பிட்டது வரிப்பணம். ஒவ்வொரு ரொட்டிக்கும் எந்த பாரிஷ் பணம் கட்டுவது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தேதிக்கு அடுத்த கட்டத்தில், வந்த பிறகு கிடைத்த முதல் வேளைச் சாப்பாடு எது என்று இருக்கும். பிறகு பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, எந்த உணவு வகுப்பு, எந்த பாரிஷிலிருந்து வந்தாள், யாருடைய உத்தரவில் சேர்த்தார்கள், வரும்போது என்ன நிலையில் இருந்தாள் என்று வரிசையாகப் போகும். நமக்கு வேண்டிய கட்டமும் அங்கேயே இருக்கிறது: ‘விடுதியிலேயே பிறந்திருந்தால், பெற்றவர் பெயர்.’ வெளியேறிய நாளுக்குரிய பக்கத்தில் கடைசியாகச் சாப்பிட்ட வேளையும், எப்படிப் போனாள் என்பதும் இருக்கும். ஒரே ஆண்டில் அவள் இரண்டு முறை வந்து போயிருந்தால் அதுவும் தெரியும். 1869 முதல் மதப் பதிவேடு என்று தனியாக ஒன்றும் உண்டு. நெருங்கிய உறவினரின் பெயர் கிடைக்கிற இடம் அது.

பாரிஷ்களுக்குள் சண்டை வந்தால் நம் தேடலுக்கு இன்னும் நல்லது. எந்த ஊர் அவளைத் தாங்க வேண்டும் என்று முடிவுசெய்ய, மாஜிஸ்திரேட் முன்னால் அவள் எங்கே பிறந்தாள், எங்கெங்கே வேலை செய்தாள் என்று வாக்குமூலம் வாங்குவார்கள். ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கைக் கதை அவள் சொன்னபடியே எழுத்தில் கிடைப்பது அரிது. அதைக் கொடுத்தது இரக்கம் இல்லை, செலவுக் கணக்கு.

இவை பெரும்பாலும் அந்தந்த கவுன்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டன் யூனியன்களுடையவை லண்டன் ஆர்க்கைவ்ஸில். யூனியன்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் கியூவிலுள்ள தேசியக் காப்பகத்தில், எம்.எச். 12 என்ற வரிசையில் இருக்கின்றன. அழிந்துபோன ஏடுகளும் நிறைய உண்டு. ஒரு யூனியனின் ஏடு இல்லை என்பதற்காக அடுத்ததையும் பார்க்காமல் விடக்கூடாது.

நம்பிக்கை: குழந்தைக்கு விடுதிக்காரர்களே ஏதோ ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

இது ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலிலிருந்து வந்தது. அதில் பாரிஷ் சேவகர் அகர வரிசைப்படி குடும்பப் பெயர் சூட்டுவார். தெருவில் கண்டெடுத்த குழந்தைக்குத்தான் அப்படிப் பெயர் தேட வேண்டியிருந்தது. தாய் இன்னார் என்று தெரிந்தால் தாயின் குடும்பப் பெயர்தான். நடுப்பெயரைக் கவனியுங்கள்: அது இன்னொரு குடும்பப் பெயர் போலத் தெரிந்தால், பெரும்பாலும் தாய் சொல்ல விரும்பியது அதில் இருக்கிறது.

நம்பிக்கை: பிள்ளையின் திருமணப் பதிவில் தந்தை பெயர் இருக்கிறது, அதுவே சான்று.

மணமேடையில் நிற்கிறவன் தந்தை பெயர் கேட்டால் என்ன சொல்வான்? தாத்தாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வளர்த்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாத ஒருவரைப் படைத்து, தொழிலும் கொடுத்து, ‘காலமானார்’ என்று சேர்த்ததும் உண்டு. வொர்க்ஹவுஸ் பையன்கள் சிலர் ராணுவ பேண்டுகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆகையால் மதராஸ் மாகாணத்துத் திருமணப் பதிவுகளில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைத் தேடுகிற ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

புகழ்பெற்ற ஒருவரையே பார்க்கலாம். 1871-ல் ஆப்பிரிக்காவின் உஜிஜியில் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைச் சந்தித்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி, 1841-ல் வேல்ஸின் டென்பி ஊரில் ஜான் ரோலண்ட்ஸாகப் பிறந்தவர். தாய் எலிசபெத் பாரி மணமாகாதவர். ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயர் இருக்கிறது, கூடவே ‘முறையற்ற பிள்ளை’ என்ற சொல்லும் இருக்கிறது. அப்படி இருந்தும், உண்மையான தந்தை வேறொருவரோ என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆறு வயதில், உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று நம்பவைத்து அவரை செயின்ட் அசாஃப் வொர்க்ஹவுஸில் விட்டுவிட்டார்கள். 1909-ல் வெளிவந்த சுயசரிதையில், கொடுமைக்கார ஆசிரியரை அடித்துப் போட்டுவிட்டு மதிலேறி ஓடியதாக எழுதியிருக்கிறார். விடுதியின் ஏடோ, 1856 மே மாதம் ஹோலிவெல்லில் பள்ளிக்கூடத்திலிருந்த உறவினரிடம் போனதாகச் சொல்கிறது. அவர் ஏன் வேறு கதை சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. அந்தச் சிறுவனுக்குத் தன் வாழ்க்கையில் தானே எடுத்த ஒரு முடிவாவது தேவைப்பட்டது. ஆனால் தேடுகிறவர்கள் நம்ப வேண்டியது ஏட்டைத்தான்.

நம்பிக்கை: டி.என்.ஏ. சோதனை செய்தால் பெயர் வந்துவிடும்.

சோதனை உறவைக் காட்டும், பெயரைக் காட்டாது. அந்தத் தந்தை உங்கள் எள்ளுத்தாத்தா என்றால், அவர் வழியில் உங்களுக்கு வந்தது சுமார் பதினாறில் ஒரு பங்கு. அவருக்கு மனைவி வழியில் வந்த வாரிசுகளோடு உங்களுக்குப் பொதுவாக இருப்பது மிகக் குறைவு. சிலரோடு ஒன்றுமே பொருந்தாது. ஒரு சந்தேகப் பெயர் முதலில் கையில் இருந்தால்தான் சோதனை அதை உறுதிசெய்யவோ தள்ளவோ உதவும்.

அந்தப் பெயர் கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டான பெட்டி செஷன்ஸ். 1834-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் சுமையைத் தாயின் தலையில் ஏற்றியது. 1844-க்குப் பிறகு தாயே கோர்ட்டுக்குப் போய் வாரம் 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை கேட்கலாம் என்றானது; 1872-ல் அது 5 ஷில்லிங் ஆனது. அவள் சொல் மட்டும் போதாது, துணைச் சாட்சி வேண்டும். இருவரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடந்ததைப் பார்த்தவர், அவன் எழுதிய கடிதம் என்று எதையாவது காட்ட வேண்டும். கோர்ட்டின் சொந்த ஏடுகள் பல ஊர்களில் மிஞ்சவில்லை. ஆனால் உள்ளூர் வாரப் பத்திரிகைகள் இந்த வழக்குகளை இருவர் பெயரோடும் அச்சிட்டன. மனுவைப் பொதுவாகக் குழந்தை பிறந்த 12 மாதத்துக்குள் போட வேண்டும். பிறக்கும் முன்பும் போடலாம். எனவே பிறந்த தேதிக்குச் சில மாதம் முன்பிருந்து ஓராண்டு பின்புவரை, அவள் வேலை பார்த்த ஊரின் பத்திரிகையில் பெட்டி செஷன்ஸ் பத்தியை வாரம் வாரமாகப் படியுங்கள்.