காளைக்கு மின்வேலியா? கம்பி இழுக்கும் முன் இதைப் படிங்க

தாமிரபரணியில் சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிக்கும் காளைக்கும் பழைய உறவு. முக்கூடற்பள்ளிலேயே உழவு மாடு மிரண்டு உழவரை முட்டும் காட்சி வருது. பொலிகாளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது ஒரு ராத்திரி அவிழ்த்துக்கொண்டு பக்கத்து வாழைக்குள் இறங்கினால் போதும், விடியும்போது வாசலில் பஞ்சாயத்து நிற்கும்.

அதுக்காக மோட்டார் ரூமிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்து வேலிக் கம்பியில் மாட்டிடாதீங்க. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படிப் போட்ட கம்பியால்தான். யானைக்கே அந்தக் கதி என்றால், காலையில் செருப்பில்லாமல் தண்ணி பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆள் என்ன ஆவார்?

"வீட்டு கரண்ட் 230 வோல்ட்தானே, மின்வேலியில் ஐயாயிரம் வோல்ட் ஓடுதே, அதுதானே ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். கொல்வது வோல்ட் மட்டும் இல்லை, கரண்ட் எவ்வளவு நேரம் உடம்பில் பாயுது என்பதும்தான். நேரடி லைன் நிற்காமல் பாயும், தசை இறுகி, பிடித்த கை விடாது. எனர்ஜைசர் என்ற கருவி சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவைதான் துடிப்பு விடும். அந்தத் துடிப்பும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சுரீர் என்று அடிக்கும், விலகிக்கொள்ள நேரமும் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. காளையைக் கம்பி தடுப்பதில்லை, பயம்தான் தடுக்குது. அந்தப் பயத்தை நீங்கள்தான் பழக்கணும். உறுதியான மரப்பட்டிக்குள் ஒரு கம்பி கட்டி மின்சாரம் விட்டு, காளையைச் சில நாள் விடுங்க. அதுவாக மோந்து பார்க்கும், ஈர மூக்கில் அடிபட்டதும் பின்வாங்கும். பழகாத காளையை நேராக மின்வேலிக்குள் விட்டால் மிரண்டு முன்னால் பாய்ந்து கம்பியை அறுத்துக்கொண்டு போயிடும். பருவத்துக்கு வந்த பசு எதிரே நின்றால் பழகின காளையையும் முழுசா நம்பாதீங்க.

கம்பி மூன்று போதும்: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை அடி உயரத்தில். முள்கம்பியில் மட்டும் மின்சாரம் விடாதீங்க, மாட்டிய உயிர் விடுபட முடியாது. கயிறு இழுபட விட்டு காளையை உள்ளே விடுவதும் அதே கதைதான்.

பெரும்பாலும் வேலி வேலை செய்யாததுக்குக் காரணம் எர்த். ஆறடிக் கம்பி மூன்றை, பத்தடி இடைவெளியில் ஈரம் நிற்கும் இடத்தில் அடிங்க. வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி இருக்கணும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் அங்கே தண்ணி ஊற்றணும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் அடி குறையும். கடைசி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்க, நாலாயிரம் வோல்ட்டாவது காட்டணும்.

சூரியசக்தி மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தந்து வந்திருக்கு. இப்போதைய நிலவரத்தை உழவன் செயலியில் பாருங்க. காட்டை ஒட்டிய நிலம் என்றால், வேலி போடும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. அதுக்கு 2023-லேயே தனி விதிகள் வந்தாச்சு.

எங்காவது வேலியில் நேரடி லைன் பார்த்தால் கிட்டப் போகாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்க: 94987 94987. மாடு அடிபட்டால், கரண்ட்டை நிறுத்தின பிறகே தொடுங்க. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.