கடல்நீர் மீன் தொட்டி: முதலில் எதை வாங்குவது?

நன்னீர் வண்ண மீன் வளர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் அது குடிசைத் தொழிலாகவே நிலைபெற்றுள்ளது. கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களைவிடப் பல மடங்கு விலை பெறுபவை கடல் வண்ண மீன்கள். அவற்றில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை, இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் வகுத்துள்ளது. இதைக் கேள்விப்பட்டுக் கடலோர விவசாயிகள் சிலர் ஒரு தொட்டி வைத்துப் பார்க்க விரும்புகின்றனர். ஆனால் கடையில் காட்டும் கருவிகளையெல்லாம் வாங்கிவிட்டு, வாங்க வேண்டிய ஒன்றிரண்டை விட்டுவிடுவதால் முதல் மாதத்திலேயே மீன்கள் மடிகின்றன. கைப்பணமும் போகிறது.

படங்களில் காண்பது போல் தொட்டிக்குள் பவளப்பாறை வைக்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்து வந்தாலும் குற்றமே. கரையில் காய்ந்து கிடக்கும் பவளமும் இதில் அடங்கும். பவளம் இல்லை என்றால் விலையுயர்ந்த விளக்கும் தேவையில்லை. பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசிக்குத்தான் கடும் ஒளி வேண்டும். மீனுக்குச் சாதாரணக் குழல் விளக்கே போதும்.

தொட்டி சிறிதாக இருந்தால் செலவு குறையும், பராமரிப்பும் எளிது என்று எண்ணுவது தவறு. 50 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராம் ஆகிவிடும். 180 லிட்டர் தொட்டியில் அதே 5 லிட்டர் குறைந்தால் 36 கிராம்தான். எனவே 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து இது ஏறத்தாழ கால் டன் எடையாகும். ஆகையால் பழைய மேசை உதவாது. வாங்கியதும் வெளியில் வைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, ஒருநாள் முழுவதும் கசிவு பார்ப்பது நலம். சிமெண்டுத் தொட்டியாயின், புதிதில் காரம் இறங்கும். பலமுறை நீர் நிரப்பி ஊறவைத்துக் கொட்டிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

அடுத்து வாங்க வேண்டியது உப்பு அளக்கும் மானி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கும் மானியைப் போலவே இதுவும் நீரின் அடர்த்தியைக் காட்டும். உப்பளங்களில் டிகிரி பார்க்கும் மானி இங்கே பயன்படாது. அதில் கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி, உப்பு விளையும் நீர் 25 டிகிரி. தொட்டிக்கு வேண்டிய நுண்ணிய வேறுபாடு அதில் தெரியாது. மீன் தொட்டிக்குரிய மானியில் 1.023 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். மானியின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு தவறும். சற்றுக் கூடுதல் செலவு செய்ய முடிந்தால், ஒரு சொட்டு நீரை வைத்துக் கண்ணால் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாம். வடிநீரில் அது பூஜ்யம் காட்டுகிறதா என்று அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து நாள்தோறும் அந்தக் கோடுவரை நிரப்பினால் போதும். இதற்குக் காசு செலவில்லை.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் உப்பு விளையும் முன்பே சுண்ணாம்புச் சத்து படிந்துவிடுகிறது. மெக்னீசியம், உப்பு வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கடல்நீர் எடுக்க வசதியில்லாதவர்கள் மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையையே வாங்க வேண்டும். கடல்நீர் எடுப்பவர்கள் முகத்துவாரத்தையும் சாக்கடை கலக்கும் இடத்தையும் தவிர்க்க வேண்டும்.

வடிகட்டி, அழுக்கை அரிப்பதற்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. வயலில் யூரியா இட்டால் அது அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது அல்லவா? அதே வேலைதான் வடிகட்டியில் நடக்க வேண்டும். மீனின் கழிவு அம்மோனியா. களர் நிலத்தில் யூரியா ஆவியாகி வீணாவது போல, காரத்தன்மையுள்ள கடல்நீரில் அம்மோனியா கூடுதலாக நச்சு வடிவம் கொள்ளும். நுண்துளையுள்ள பீங்கான் வளையங்கள் அல்லது பஞ்சு நிறைந்த வடிகட்டி வாங்கி, மீன் விடாமல் ஒரு துண்டு இறால் மட்டும் போட்டு ஓடவிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நுண்ணுயிர்கள் பெருகும். சோதனை மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடலாம். இந்தச் சோதனை மருந்து இல்லாமல் தொட்டி தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல்.

மின்சாரம் நின்றால் மீனோடு இந்த நுண்ணுயிர்களும் மூச்சுத் திணறும். ஆகவே மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

நுரை வழியே கழிவு அகற்றும் கருவி நல்லதே. நான்கைந்து மீன்களுக்கு அது அவசரமில்லை. வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் சமாளிக்கலாம். சூடேற்றும் கருவி நம் கடற்கரைக்கு வீண் செலவு. இங்கே கோடை வெப்பம்தான் தொல்லை. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் ஓரிரு டிகிரி தணியும்; ஆனால் ஆவியாவது கூடும் என்பதால் கோட்டை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மீன் வாங்கும்போது குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளிக் குஞ்சுகளாக இரண்டு கேட்டு வாங்க வேண்டும். ஆண், பெண் பார்க்கத் தேவையில்லை. இரண்டில் வலியது பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் மாறிக்கொள்ளும்.

விவசாய வீடுகளுக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்றுண்டு. பூச்சிமருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. பித்தளைக் குழாயும் செம்புப் பாத்திரமும் ஆகா. தெளிப்பான் வைத்திருக்கும் அறையில் தொட்டி இருந்தால், காற்றுப் பம்பு அந்த அறையின் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் விடும்.