ஆஷ் மரத்தைத் துளைப்பான் வண்டிலிருந்து காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த மரகத ஆஷ் துளைப்பான் வண்டு 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியிலும், ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சரிலும் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. உங்கள் வீட்டு வாசலில் ஒன்று இன்னும் பசுமையாக நிற்கிறதா? அது நன்றாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: ஆஷ்தானா?

கிளைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாகப் பிரியும். ஒரே காம்பில் பெரும்பாலும் 5 முதல் 11 சிற்றிலைகள் இருக்கும். முதிர்ந்த மரத்தின் பட்டையில் வைர வடிவ வெடிப்புகள் தெரியும். மௌண்டன் ஆஷ் பெயரில் மட்டுமே ஆஷ்; இந்த வண்டு அதைத் தொடாது.

படி 2: உச்சியைப் பாருங்கள்

பலரும் தவறவிடுவது இங்கேதான். வண்டு இலையைக் கொறிப்பதால் மரம் சாவதில்லை. பட்டைக்கு அடியில் புழு வளைந்து வளைந்து குடைந்து போகிறது; இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்கும் வழி அறுபடுகிறது. தாக்குதல் பெரும்பாலும் மேல்கிளைகளில் தொடங்குவதால், அடிமரத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உச்சி இலைகள் மெலிகின்றனவா, மரங்கொத்தி பட்டையைச் செதுக்கி வெளிர்நிறத் திட்டுகளை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டு வெளியேறிய ஓட்டை வட்டமாக இராது. ஒரு பக்கம் தட்டையான அரைவட்டமாக, 3-4 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். அது கண் உயரத்தில் தென்பட்டால் தாக்குதல் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

படி 3: முடிவெடுங்கள்

மேற்கவிகையில் சுமார் 30 சதவீதத்துக்குள் காய்ந்திருந்தால் மருந்து பலன் தரும். பாதிக்கு மேல் போய்விட்டால் பணத்தை வீணாக்காதீர்கள். பட்ட ஆஷ் சீக்கிரமே முறுமுறுவென்று ஒடியத் தொடங்கும், ஆகவே நீங்களே ஏறி வெட்ட வேண்டாம். ஆள் வைத்து வெட்டுங்கள்.

படி 4: ஊசி

அடிமரத்தில் சிறு துளையிட்டு மருந்து செலுத்துவதே நம்பகமான வழி. இலை முழுதாக விரிந்தபின், கோடையின் தொடக்கம் ஏற்ற காலம். எமாமெக்டின் பென்சோயேட் ஒருமுறை போட்டால் 2 ஆண்டுகளாவது காக்கும். கனடாவில் அசாடிராக்டினும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நம் வேப்பங்கொட்டையில் இருந்து எடுப்பதுதான் அது. உரிமம் பெற்ற மர வல்லுநரையே அழையுங்கள். தவணை தவறாமல் திரும்பப் போட வேண்டும். நடுவில் விட்டால் முந்தைய செலவும் வீண்.

படி 5: விறகை நகர்த்தாதீர்கள்

வண்டு தானாகப் பறந்து ஓர் ஆண்டில் போகும் தூரம் சில கிலோமீட்டர்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்ட வைப்பவர்கள் நாம். வெட்டிய கட்டைக்குள்ளும் புழு பிழைத்து, அடுத்த கோடையில் வண்டாக வெளிவரும். முகாமுக்குப் போகும்போது வீட்டு விறகைக் காரில் ஏற்றாதீர்கள். எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள். மிஞ்சினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.