ஸ்போர்ட்ஸ் காரில் எது வேண்டும், எது வேண்டாம்?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. போடிமெட்டு, மேகமலைப் பக்கம்தான் அதிகம் ஓட்டுவேன். எந்த வசதி அவசியம், எதைக் கழற்றிவிடலாம்?
- வாசகர் ஒருவர், போடிநாயக்கனூர்

பதில்: முதலில் மேனுவல் கியர். உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான். 2019-ல் ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வந்த டொயோட்டா சுப்ராவுக்கு 2022-ல் மேனுவலும் கொடுத்தார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் அதிகம் சூடேறாது.

அடுத்து, ஏசிக்குத் திருகும் குமிழ். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே தொடுதிரையைத் தடவ முடியாது.

மூன்றாவது, முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட். போர்ஷே 911-ல் இது சுமார் 4 செ.மீ. உயர்த்தும். நம்மூர் ஸ்பீடு பிரேக்கரில் பம்பர் பிழைக்கும். ஸ்டெப்னிக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பஞ்சர் கிட் மட்டும்தான். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

வேண்டாதது? இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் போலியாகக் கூட்டிக் காட்டும் வசதி. அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். ஆனால் சைலன்சரைக் கழற்றாதீர்கள். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போதாக்குறைக்கு, மேகமலை புலிகள் காப்பகம். அங்கே உங்கள் வண்டி உறுமத் தேவையில்லை.