முதலில் பின்சக்கரம்

அன்புள்ள தம்பிக்கு,

படம் கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் எடுத்த ஸ்டீல் ரேஸ் சைக்கிள் ஃபிரேமின் துருவையெல்லாம் சுரண்டிவிட்டு, என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நிறம் கடைசியில்தான். நீ கட்டப்போகும் ஃபிக்ஸட் கியர் வண்டியின் உயிர் பின்சக்கர ஹப்பில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கு.

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ரீவீல் இருப்பதால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். இங்கே பல்சக்கரம் ஹப்போடு பிணைந்திருப்பதால், சக்கரம் சுற்றும்வரை உன் காலும் சுற்றும். பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் தணியும். அப்படி அழுத்தும்போது பல்சக்கரம் மரையிலிருந்து கழலப் பார்க்கும். அதனால்தான் டிராக் ஹப்பில் இரண்டாவதாக ஓர் இடது மரை வெட்டியிருப்பார்கள். பல்சக்கரத்தைப் பூட்டும் லாக்ரிங் ஏறுவது அதில். பல்சக்கரம் கழல முனைந்தால் லாக்ரிங் மேலும் இறுகும்.

நான் உன் வயதில் காசு மிச்சம் பிடிக்க, ஃப்ரீவீல் ஹப்பிலேயே பல்சக்கரத்தை ஏற்றிப் பசை தடவி ஓட்டினேன். பிரேக்கும் போடவில்லை. ஒரு பாலத்து இறக்கத்தில் எதிர்த்து அழுத்தியபோது பல்சக்கரம் கழன்று, கால்கள் வெறுமனே பின்னால் சுற்றின. ஓரத்து மணல் குவியலில் சாய்ந்து தப்பினேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. உனக்கு அது வேண்டாம். நல்ல டிராக் ஹப்பையே வாங்கு.

பிரேக் இல்லாத அழகை நீ ஜப்பானின் கெய்ரின் வண்டிகளில் பார்த்திருப்பாய். 1948-இல் கொக்குராவில் தொடங்கிய பந்தயம் அது. அந்த வண்டிகள் ஓடுவது சரிந்து வளைந்த மூடிய தடத்தில். எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே ஆட்டோ வராது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஓடிவர மாட்டார்கள். தெருவில் ஓட்டப்போகும் உனக்கு முன்சக்கர பிரேக் கட்டாயம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

ஃபிரேமின் பின்பக்கத்தை அளந்து பார். பழைய ரேஸ் ஃபிரேம்களில் பெரும்பாலும் 126 மி.மீ. இருக்கும், டிராக் ஹப் 120. அச்சு போதிய நீளமிருந்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. ஸ்பேசர் போதும். அச்சு உட்காரும் பள்ளம் கிடைமட்டமாக இருக்க வேண்டும். செயினை இழுத்துப் பிடிக்க இந்த வண்டியில் வேறு ஏற்பாடு இல்லை. சக்கரத்தையே பின்னால் நகர்த்தித்தான் இறுக்கியாக வேண்டும்.

பல் கணக்கையும் யோசி. முன்னால் 48, பின்னால் 16 என்றால் விகிதம் சரியாக 3. எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்கி நிறுத்தினால் டயரில் ஒரே இடம்தான் தேயும். பின்னால் 17 வைத்துப் பார், அந்தத் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துபோகும். ஒரு பல் கூடியதில் ஒரு டயரின் ஆயுள் நீள்கிறது. கிராங்க் 165 மி.மீ. எடு. வளைவிலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், தரையில் இடிக்கக் கூடாது.

செயின் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. முன் பல்சக்கரம் எதுவும் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கொஞ்சம் ஆட்டம் இருக்கும்படி வை. ஒன்றை மட்டும் மறக்காதே: சக்கரம் சுற்றும்போது துணியால் செயினைத் துடைக்காதே. சுற்றுகிற சக்கரம் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். இது விரலையே பறித்துவிடக்கூடிய வண்டி.

சக்கரக் கோட்டம் எடுப்பதைத் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் கற்றுக்கொள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தை வைத்தே எந்தக் கம்பியை முறுக்க வேண்டும் என்று அவர் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கண் வரும்.

முதல் நாள் காலி மைதானத்தில் ஓட்டு. மிதிப்பதை நிறுத்த நினைக்கும் கால்களைப் பெடல் தூக்கிவிடும், பழகட்டும். பிறகு ஒரு மேட்டில் எழுந்து நின்று அழுத்தி ஏறு. பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் இறுகி உட்காரும்; அதற்கும் லாக்ரிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். வீட்டுக்கு வந்ததும் லாக்ரிங்கை மறுபடி இறுக்கு.

அதை இறுக்கிவிட்டு எனக்கு எழுது. நிறத்தைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்