முன்னும் பின்னும் நோக்குக

விவிலியத்தில் எரேமியா நூலின் 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம் நாட்காட்டிகளில் அடிக்கடி காணப்படுவது. இறைவன் தம் மக்களுக்கு நன்மையே நினைக்கிறார் என்பது அதன் கருத்து. வேலையும் வீடும் விரைவில் கைகூடும் என்ற வாக்குறுதியாகப் பலர் அதைக் கொள்கின்றனர்.

ஒரு சாத்திரத்தின் தாற்பரியத்தை அறிய அதன் தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து நோக்க வேண்டும் என்கிறது வேதாந்த மரபு. அவ்வாறு நோக்கினால், கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் பகுதியே இவ்வசனம் என்பது விளங்கும். ஈராண்டுகளில் விடுதலை என்று அனனியா கூறியிருந்தார். எரேமியாவோ 70 ஆண்டுகள் ஆகும் என்றார். கடிதத்தைக் கேட்டவருள் பெரும்பாலோர் தாய்மண்ணை மீண்டும் காணப்போவதில்லை. வீடு கட்டி, தோட்டமிட்டு, வாழும் நகரின் நலனுக்காகப் பிரார்த்திக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது.

மும்பையின் மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் பிழைப்பு நாடி வந்தவர்கள், சிறைப்பட்டவரல்லர். ஆயினும் ஊர் திரும்பும் நாளை எண்ணியபடி அவர்கள் வாளாவிருக்கவில்லை. 1932இல் அவர்கள் நிறுவிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி, கல்லூரிகளில் இன்று பல மொழியினரும் பயில்கின்றனர்.

அவ்வசனம் தரும் ஆறுதல் மெய்யானது. அதற்கு நான்கு வசனங்கள் முன்னே நிற்கும் கடமையை ஏற்பவனுக்கே அது முழுமையாக உரியதாகும்.